ஏழரை மணி இட்லியில் ஆரம்பித்த சிகிச்சை

ராத்திரி பதினொன்றரைக்கு முறுக்கு டப்பாவைச் சத்தமில்லாமல் திறக்க எனக்குத் தெரியும். மூடியின் ஒரு ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மறு ஓரத்தை நகத்தால் நெம்ப வேண்டும். எட்டு வருடம் அப்படித்தான் போனது. டப்பா காலியானதும் பாத்திரத்தில் மிச்சமிருக்கும் சாதம், அப்புறம் பையனின் பிஸ்கட். பசியே இருக்காது, வயிறு வலிக்கும், ஆனாலும் கை நிற்காது. காலையில் மனைவி டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வைத்துவிடுவாள்.

திருச்சி தில்லைநகரில் இருக்கும், உணவுப் பழக்கச் சிக்கல்களுக்குச் சிகிச்சை தரும் இந்த மையத்துக்கு வருவதற்கு முன்னால் வேறொரு எடைக்குறைப்பு நிலையத்தில் பணம் கட்டினேன். இரண்டு வேளை பவுடர், ஒரு வேளை காய்கறி. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது, அடுத்த ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ ஏறியது. மனக்கட்டுப்பாடு போதாது என்றார்கள். நானும் நம்பினேன்.

இங்கே ஆலோசகர் மேடம் முதல் நாள் கேட்டதே வேறு. “சார், நேத்து காலையில என்ன சாப்பிட்டீங்க?” காபி. “மத்தியானம்?” கவுண்டரில் கூட்டம், மூன்றரை மணிக்கு இரண்டு வாழைப்பழம். பகல் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு ராத்திரி வசூல் பண்ணிவிடுகிறது என்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்த கதையைச் சொன்னார். மறுபடி சாப்பாடு கிடைத்தபோது அவர்களில் பலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் போதவில்லையாம். நல்ல திடகாத்திரமான ஆட்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிரச்சினைக்கு ‘பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்’ (கட்டுப்பாடு இழந்து அளவுக்கு மீறிச் சாப்பிடும் நோய்) என்று பெயர் இருக்கிறது, 2013-லேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

சிகிச்சை என்று பார்த்தால், ஒழுங்காகச் சாப்பிடுவதுதான். ஏழரைக்கு நான்கு இட்லி, பத்தரைக்குச் சுண்டல், ஒன்றேகாலுக்குச் சோறு, குழம்பு, பொரியல், மோர், நாலரைக்கு டீயோடு வேர்க்கடலை, எட்டு மணிக்கு மூன்று தோசை, படுக்கும் முன் பால். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். டயட்டீஷியன் முதலில் நீட்டிய அச்சடித்த தாளில் ஓட்ஸும் ப்ரோக்கோலியும் இருந்தன. எங்கள் வீட்டில் என்ன சமைப்போம் என்று சொன்னதும் அதை அடித்துவிட்டுக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

கூடவே ஒரு நோட்டு. எத்தனை மணி, என்ன, எங்கே, மனசு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். மீறிப் போனதாகத் தோன்றினால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். முதல் வாரம் ஐந்து நட்சத்திரம். திட்டு விழும் என்று பயந்து போனேன். மேடம் ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரண்டு வரியைத்தான் படித்தார். ஐந்தில் நான்கு, மதியம் சாப்பிடாத நாட்கள். ஒன்று சஷ்டி.

விரதத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கச் சொன்னபோதுதான் தடுமாறினேன். சிறு வயதிலிருந்து விட்டதில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னதும் அம்மா, “முருகன் என் புள்ளைய பட்டினி போட்டா பார்க்க ஆசைப்படுறான்? நீ சாப்பிடுடா” என்றார்.

மூன்றாவது மாதம் மிக்சரைத் திட்டத்திலேயே சேர்த்தார்கள். ஒரு கிண்ணத்தில் போட்டு, டப்பாவை மூடி வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, மனைவி முன்னால் சாப்பிட வேண்டும். கை நடுங்கியது. கிண்ணத்தின் அடியில் கறிவேப்பிலையும் இரண்டு பொட்டுக்கடலையும் மிஞ்சின. எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். அவ்வளவுதான் நடந்தது.

குறைகளும் உண்டு. டயட்டீஷியனும் ஆலோசகரும் வெவ்வேறு நாளில் வருவதால் இரண்டு தடவை பர்மிஷன் போட வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை முக்கால் மணி நேரமாவது காக்க வேண்டும், அதுவும் தெருவைப் பார்த்த பெஞ்சில். ஒருமுறைக்கு 800 ரூபாய் வீதம் இருபது முறை, எல்லோராலும் முடியாது. கையில் பணமில்லாதவர்கள் முதல் அடியாக 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எடை குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு கிலோ. வாரம் ஒருமுறை மையத்தில் மட்டும்தான் பார்க்கிறோம், வீட்டு மெஷினைப் பரணில் போட்டாயிற்று. நட்சத்திரம் போன மாதம் ஒன்று, அதற்கு முந்தைய மாதம் இரண்டு. தீபாவளிக்கு மறுவாரத்துக்கு இப்போதே நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். அத்தை வீட்டு அதிரசம் தூக்கு நிறைய வரும்.