மெமென்ட்டோ: முடிவு தெரிந்த பிறகும் பிடிபடாத கொலை

முதல் காட்சியிலேயே லெனார்ட் ஷெல்பி டெடியைச் சுட்டுவிடுகிறான். மனைவியைக் கொன்றவன் இவன்தான் என்பது அவன் நம்பிக்கை. செத்தவன் யார், கொன்றவன் யார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நம்பிக்கையை அவன் தலையில் ஏற்றியது யார் என்பதைத்தான் 113 நிமிடப் படம் முழுக்கத் துருவிக்கொண்டே போகிறது. (நடுவில் வரும் ஒரு திருப்பத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தைத் தொடவில்லை.)

கிறிஸ்டோபர் நோலன் 2000-இல் எடுத்த படம் இது. கலர் காட்சிகள் பின்னோக்கிப் போகின்றன. ஒவ்வொன்றும், நாம் ஏற்கெனவே பார்த்த காட்சி தொடங்கிய இடத்தில் வந்து முடியும். இடையிடையே, மோட்டல் அறையில் லெனார்ட் போனில் பேசும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேராக முன்னால் நகர்கின்றன. ஒரு போலராய்டு போட்டோ (எடுத்தவுடன் கேமராவிலிருந்தே வெளிவருவது) மெல்லத் தெளியும் இடத்தில் கறுப்பு வெள்ளை கலராக மாறி, இரண்டு ஓட்டங்களும் கூடிவிடுகின்றன. காட்சிகள் ஒட்டும் இடங்களில் சில விநாடிகள் திரும்ப வரும். அந்த நேரம் பார்த்துப் போனை எடுத்தால் கோர்வை அறுந்துவிடும். எடிட்டர் டோடி டோர்னுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததில் வியப்பே இல்லை.

இந்த வரிசை எதற்கு என்பது ஒரு துரத்தலிலேயே புரிந்துவிடும். காட்சி தொடங்கும்போதே லெனார்ட் ஓடிக்கொண்டிருக்கிறான். சற்றுத் தள்ளி இன்னொருவனும் ஓடுகிறான். நாம்தான் அவனைத் துரத்துகிறோம் போல என்று நினைத்து அவன் பக்கம் திரும்ப, எதிரே இருந்து குண்டு பாய்கிறது. அந்த நொடியில் நமக்கும் அவனுக்கும் தெரிந்தது ஒரே அளவு.

லெனார்டுக்குப் பழைய நினைவுகள் அப்படியே இருக்கின்றன. அடிபட்ட பிறகு புதிதாக எதுவும் தங்குவதில்லை. அதனால்தான் ஆட்களைப் போலராய்டில் பிடித்து, பின்னால் குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறான். 1953-இல் வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அமெரிக்கர் ஹென்றி மொலேசனுக்கு நேர்ந்ததும் இதுதான். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது, பழகிய ஞாபகமே இல்லாமல். இதை மனதில் வைத்துக்கொண்டு, படத்தில் இதே மறதியோடு வரும் சாமி ஜான்கிஸுக்கு நடக்கும் மின்சாரச் சோதனையைப் பாருங்கள். ஷாக் அடிக்கும் பொருளைத் தொடக்கூடாது என்று சாமியின் கை கற்றுக்கொள்வதே இல்லை. இன்சூரன்ஸ் விசாரணையாளனாக இருந்த லெனார்ட், அதை வைத்துத்தான் அவருடைய கோரிக்கையை நிராகரிக்கிறான். பின்னால் சாமி மனநல விடுதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஷாட்டில், முன்னால் ஒருவர் கடந்து போவார். அப்போது கண் சிமிட்டாதீர்கள்.

படத்தின் உச்சம், லெனார்டுக்கு உதவுவதாக வரும் நாட்டலியின் வீடு. அவளுடைய போலராய்டின் பின்னால், 'இவளும் ஒருவரை இழந்தவள், இரக்கப்பட்டு உதவுவாள்' என்று அவன் எழுதியிருப்பதை நாம் முன்பே படித்திருக்கிறோம். இப்போது அவள் வீட்டிலுள்ள பேனாக்களை எல்லாம் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள். உன்னை வைத்து வேலை வாங்கப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லி, செத்த மனைவியையும் சேர்த்துத் திட்டுகிறாள். அவன் அடிக்கிறான். அடிபட்ட முகத்தோடு போய்க் காரில் உட்காருகிறாள். உள்ளே அவன் எழுதுவதற்குப் பேனா தேடி வீட்டையே கிளறுகிறான். கார்க் கதவு சாத்தும் சத்தம், எல்லாம் மறந்துவிட்டது. உள்ளே வந்தவள், வேறொருவன் அடித்துவிட்டதாகச் சொல்கிறாள். நாட்டலியாக வரும் கேரி ஆன் மோஸ் காரில் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகள் போதும், அவன் சேர்த்து வைத்த குறிப்புகள் அத்தனையும் சந்தேகத்துக்கு உரியவையாகிவிடுகின்றன.

குறை என்றால், முடிவில் டெடி வரிசையாக விளக்கம் சொல்லும் காட்சிதான். அதுவரை பார்ப்பவர்களை நம்பிய படம், அங்கே வசனத்தை நம்பிவிட்டது. டெடியாக வரும் ஜோ பேன்டோலியானோவின் நடிப்பு ஓரளவு காப்பாற்றுகிறது.

2005-இல் வந்த ‘கஜினி’யின் பச்சை குத்தலும் போலராய்டும் இங்கிருந்து போனவைதான். ஆனால் அதன் காதலையும் வில்லனையும் எதிர்பார்த்து இதில் உட்கார வேண்டாம். இரண்டு டிஸ்க் டிவிடியில் கதையை நேர்வரிசையில் காட்டும் பதிப்பு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்த்தால் லெனார்டை விட நமக்கு அதிகம் தெரிந்துவிடும், படம் அங்கேயே படுத்துவிடும்.