காட்பாடி ஜெர்மன் வகுப்பு: சொல் பாடம் அருமை, அச்சுத்தாள் பழசு

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஜெர்மனியிலிருந்து வரும் ஆர்டர் தாள்களை நானே படிக்க வேண்டும் என்று காட்பாடியில் இந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படிப்பவர்கள் பெரும்பாலும் நர்சுகள். அவர்களுக்கு பி2 என்ற மொழித்திறன் நிலைத் தேர்வு, எனக்கு ஆசை.

இலக்கணம் எல்லா இடத்திலும் நடப்பது போலத்தான். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர், டீ, டஸ் மனப்பாடம். வேறு வழியும் இல்லை. ஆனால் சொற்களின் பிறப்பைப் பேச ஆரம்பித்தால் ஆசிரியையை நிறுத்தவே தோன்றாது. கையுறைக்கு 'ஹாண்ட்ஷூ': கைக்குப் போடும் ஷூ. தோல் தொழிலில் இருப்பவனுக்கு இது மறக்குமா? 'க்ராங்க்' என்றால் இன்று நோயுற்ற. முன்பு வலுவற்ற, மெலிந்த. மருத்துவரைச் சொல்லும் 'ஆர்ட்ஸ்ட்', தலைமை மருத்துவர் என்ற பொருளுள்ள கிரேக்க 'ஆர்க்கியாட்ரோஸ்' தேய்ந்து வந்தது. இஞ்சி அங்கே 'இங்வர்'. லத்தீன், கிரேக்கம், பாலி என்று பின்னோக்கிப் போனால் நம் இஞ்சிவேர் பக்கம் வந்து நிற்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அதைக் கேட்ட உற்சாகத்தில் ஒரு பெண், “மேடம், மூக்குக்கு நாசே என்கிறார்களே, அதுவும் நம் நாசிதானே?” என்றார்.

“இல்லையம்மா. நாசி நாம் வடமொழியிலிருந்து இரவல் வாங்கியது. நாசேயும் அந்த வடமொழிச் சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம்.”

உலக மொழிகள் அத்தனைக்கும் தமிழில் வேர் தேடுகிறவர்கள் ஒரு மாலை இங்கே வந்து உட்காரலாம்.

குறை அச்சுத்தாளில். செவிலியருக்கு இன்னும் 'க்ராங்கன்ஷ்வெஸ்டர்', அதாவது நோயாளிகளின் சகோதரி, என்று மட்டுமே போட்டிருக்கிறார்கள். பேச்சில் அது இன்றும் உண்டு. ஆனால் 2020 முதல் அங்கே புதிதாகப் பயிற்சி பெறும் பெண்களுக்கான பட்டம் 'ஃப்ளேகஃபாக்ஃபிராவ்'. விண்ணப்பம் எழுதப்போகும் நர்சுகளுக்கு அச்சொல்லைத் தராமல் தாள் விற்பது எனக்குச் சம்மதமில்லை. தாளுக்குத் தனிக் கட்டணம் வேறு!

என்னைப் போல ஆசைக்குப் படிப்பவர்கள் தயங்காமல் சேரலாம். பி2தான் குறி என்றால், மாதிரித் தேர்வு எத்தனை வைப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்கள் பிரிவில் ஒன்றுகூட வைக்கவில்லை.