ரத்தப் பொட்டில் பத்தியம் சொல்லும் கிட்: 5-க்கு 2

எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் நோய்) இருப்பவர்களுக்கு ஒரு கட்டம் வரும், யார் எதைச் சொன்னாலும் வாங்கிவிடுவோம். முழங்கை மடிப்பில் தோல் வெடித்து, ராத்திரி தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்த ஒரு வாரத்தில்தான் நான் இந்த கிட்டை ஆர்டர் செய்தேன். உங்கள் உடம்புக்கு எந்தெந்த உணவு ஒத்துக்காது என்று வீட்டிலிருந்தபடியே கண்டுபிடிக்கலாம், அதை நிறுத்தினால் அரிப்பும் நிற்கும் என்று விளம்பரம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி நிறைய விற்கிறார்கள், பெரும்பாலானவை அளப்பது ஒன்றைத்தான்.

பேக்கிங் அருமை, அதைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இரண்டு குத்தூசி, ஒரு அட்டை, திருப்பி அனுப்ப ஒரு உறை, இலவசமாக ஒரு ஜோடி பருத்திக் கையுறை. அட்டையில் நான்கு வட்டங்களையும் ரத்தத்தால் நிரப்ப வேண்டும். முதல் ஊசியில் வந்தது ஒன்றரை வட்டத்துக்குத்தான், விரலைப் பிழிந்து பிழிந்து பார்த்துவிட்டு அடுத்த விரலையும் குத்திக்கொண்டேன்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கோடு கோடாக, பார்க்கவே ஏதோ பெரிய ஆராய்ச்சி மாதிரி இருந்தது. பால், முட்டை, கோதுமை, பாதாம் எல்லாம் சிவப்பு. நான் வாழ்நாளில் வாயில் வைக்காத சிப்பி மட்டும் நல்ல பச்சை.

சரி, காசு கொடுத்தாச்சு என்று ஆறு வாரம் ஒழுங்காகப் பத்தியம் இருந்தேன். மூன்றாவது வாரம் தோல் தெளிந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதியிருந்தால் 5-க்கு 5 போட்டிருப்பேன். ஐந்தாவது வாரம், பட்டியலில் இருந்த எதையும் தொடாமலேயே, கழுத்து வரைக்கும் திரும்பி வந்தது.

தோல் டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதில் சிவப்பா இருக்கிறதெல்லாம் நீங்க தினமும் சாப்பிடுறதா?" யோசித்துப் பார்த்தால் ஆமாம். இந்த டெஸ்ட் அளப்பது ஐஜிஜி என்ற ஆன்டிபாடியை, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதத்தை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி ரத்தத்தில் இருப்பது சகஜம், உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்பதற்கான அடையாளமாகக்கூட அது இருக்கலாம். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே இதை வைத்து எந்த உணவு ஒத்துக்காது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, என் சமையலறையில் என்ன இருக்கிறது என்பதை எனக்கே காசு வாங்கிக்கொண்டு படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

உணவுக்கும் எக்ஸிமாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சின்னக் குழந்தைகளில், அதிலும் எக்ஸிமா கடுமையாக இருப்பவர்களில், சிலருக்கு நிஜமாகவே உணவு அலர்ஜி இருக்கும். அதற்கு ஐஜிஇ டெஸ்ட் (அலர்ஜியோடு சம்பந்தப்பட்ட வேறொரு ஆன்டிபாடியை அளப்பது), தோலில் குத்திப் பார்ப்பது, டாக்டர் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துப் பார்ப்பது என்று வேறு வழிகள் இருக்கின்றன. என் அக்கா தன் ஒன்றரை வயசுக் குழந்தைக்கு இந்த கிட் வாங்கலாமா என்று கேட்டாள், வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த வயதில் பாலையும் முட்டையையும் காரணமில்லாமல் நிறுத்தினால் சத்துக் குறையும் என்பது ஒரு பக்கம். எக்ஸிமா உள்ள குழந்தைக்கு ஒரு உணவை நிறுத்திவைத்துவிட்டு மறுபடி கொடுக்கும்போது, அதுவரை இல்லாத நிஜமான அலர்ஜி கிளம்பின கேஸ்களும் இருக்கின்றன.

அப்போ மூன்றாவது வாரம் ஏன் தெளிந்தது? எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும், அது ஒன்று. இன்னொன்று, ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள், தினம் இரண்டு வேளை. பத்தியத்தோடு சேர்த்து அதையும் செய்துகொண்டிருந்தேன். நாலாவது வாரம் வேலை நெருக்கடியில் விட்டுப்போனது அதுதான், பத்தியம் இல்லை. எவ்வளவு தடவ வேண்டும் என்பதிலும் நான் ஏமாந்துதான் இருந்திருக்கிறேன். பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் குழந்தைகளுக்கே வாரம் 250 முதல் 500 கிராம் வரை என்கிறது. நான் 50 கிராம் ட்யூபை ஒரு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தவன். க்ரீமா, லோஷனா, ஆயின்மென்ட்டா என்பது பெரிய விஷயம் இல்லை, உங்களுக்கு எது ஒட்டாமல், எரியாமல், தினமும் தடவத் தோன்றுகிறதோ அதுதான். (ஆயின்மென்ட் ஊறின துணி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் போகிறவர்கள் கவனம்.) திடீரென்று சிவந்து கிளம்பும்போது டாக்டர் எழுதித் தந்த, தோலில் தடவும் ஸ்டீராய்டை அவர் சொன்ன நாட்களுக்குப் போடுகிறேன், முன்பு போலப் பயந்து ஒளித்து வைப்பதில்லை.

கிட் வாங்கினவர்களுக்கு ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையில் தள்ளுபடி என்று இன்னமும் மெயில் வருகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2013-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு அது எக்ஸிமாவுக்குப் பலன் தருவதில்லை என்று முடித்துவிட்டது, அதனால் அதை வாங்கவில்லை.

இரண்டு நட்சத்திரம் எதற்கு என்றால், ஒன்று அந்தக் கடைசிப் பக்கத்து வரிக்கு. இன்னொன்று பருத்திக் கையுறைக்கு, ராத்திரி ஆயின்மென்ட் தடவிக்கொண்டு அதைத்தான் போட்டுத் தூங்குகிறேன், எத்தனையோ முறை துவைத்தும் தையல் பிரியவில்லை.