பேர் எழுதாத குளிசைப் பை

நாலு வருசத்துக்குப் பிறகு ரொறன்ரோவில இருந்து ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்குப் போய் திருகோணமலை உவர்மலையில அக்கா வீட்டில நிண்டனான். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி எண்டு எவ்வளவோ பிளான், ஆனா முதல் கிழமை முழுக்க ஆஸ்பத்திரியும் வீடும்தான். பிள்ளையளோட ஊருக்குப் போற ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்கோணும் எண்டுதான் இதை எழுதுறன்.

பெறாமகனுக்கு 12 வயசு. நான் போய் இறங்கேக்கையே ஒரு கிழமையா வறட்டு இருமலும் காய்ச்சலும். பக்கத்தில ஒரு தனியார் கிளினிக்கில காட்டி மருந்து எடுத்திருந்தாங்க. ரெண்டாம் நாள் சொண்டு வீங்கிச்சு. மூண்டாம் நாள் விடிய எழும்பினா, கண் ரெண்டும் பீளை ஒட்டித் திறக்க ஏலாது, சொண்டெல்லாம் வெடிச்சு ரத்தம் காய்ஞ்சு கறுத்துப்போச்சு, வாய்க்குள்ள முழுக்கப் புண், எச்சில் விழுங்கேலாம துவாயில வடிய விட்டுக்கொண்டு இருக்கிறான். சலம் போகவும் எரியுது சித்தி எண்டு அழுறான். ஆனா உடம்பில பார்த்தா நெஞ்சிலயும் கையிலயும் ஒரு பத்துக் கொப்புளம் இருக்கும், அவ்வளவுதான்.

அக்காட மாமி "இது அம்மாள் வருத்தம், பிள்ளை, வேப்பிலையில படுக்க வைங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதேங்கோ" எண்டா. கொப்புளிப்பான் எண்டா உடம்பு முழுக்கப் போடுமே, இது வாயையும் கண்ணையும்தானே பிடிச்சிருக்கு, எனக்கு மனசு கேக்கேல்ல. ஓட்டோவில ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினம்.

டொக்டர் முதல் கேட்டதே "என்ன மருந்து குடிச்சவர்?" எண்டுதான். அக்கா ஹாண்ட்பேக்கில இருந்து மூண்டு சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்துக் குடுத்தா. ஒண்டில வெள்ளைக் குளிசை, ஒண்டில மஞ்சள், ஒண்டில கப்சூல். மேல பேனையால 1 - 1 - 1, சாப்பாட்டுக்குப் பிறகு. மருந்திட பேர் ஒண்டிலயும் இல்ல. டொக்டர் கப்சூலை வெளிச்சத்தில பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளினிக் பின்னேரம்தான் திறக்கும், போனும் எடுக்கேல்ல. அத்தான் வாசலில காவல் நிண்டு ஆறு மணிக்குத்தான் பேரை வாங்கிக்கொண்டு வந்தார், கிருமிக்குக் குடுக்கிற அமொக்சிசிலின், பனடோல், ஒரு அலர்ஜிக் குளிசை. ஒரு பிள்ளை வலியில துடிக்கேக்க அந்தப் பேருக்காக அரை நாள் போனதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

பேர் ஏன் அவ்வளவு முக்கியம் எண்டு டொக்டர் இருந்து விளங்கப்படுத்தினார். மருந்து ஒத்துவராமலும் இப்பிடி வாய் கண் எல்லாம் வெந்துபோகும், ஸ்டீவன்ஸ் ஜோன்சன் எண்டு அதுக்குப் பேர், 1922லயே எழுதி வைச்ச வருத்தம். வலிப்புக்குக் குடுக்கிற கார்பமசெபின், சல்பா மருந்துகள், யூரிக் அசிட்டுக்குக் குடிக்கிற அலோபியூரினோல் இதுகளாலதான் கூடுதலா வரும், அப்பிடியெண்டா அந்த மருந்தை உடன நிப்பாட்டோணும், வாழ்நாளில திரும்பத் தொடக்கூடாது. ஆனா மைக்கோபிளாஸ்மா எண்டு இருமலையும் நிமோனியாவையும் குடுக்கிற ஒரு கிருமியாலயும் கிட்டத்தட்ட இதே மாதிரி வரும், கூடுதலாப் பிள்ளையளுக்கும் இளம் ஆக்களுக்கும், வாயிலயும் கண்ணிலயும் மோசமா இருக்கும், தோலில கொஞ்சம்தான். இதை வேற வருத்தமாப் பிரிச்சு 2015லதான் தனிப் பேர் வைச்சாங்களாம். இவனுக்கு மருந்து தொடங்க முன்னமே ஒரு கிழமை இருமல், எக்ஸ்ரேயிலயும் நெஞ்சில சளி, அதால கிருமிதான் எண்டு அவருக்குக் கூடுதலாச் சந்தேகம். அந்தக் கிருமிக்கு வெளிச்சுவர் இல்லையாம், அமொக்சிசிலின் செய்யிறதே கிருமி சுவர் கட்டுறதைத் தடுக்கிறதுதான், அப்ப அது எப்பிடிக் கேக்கும்? அதால சுவர் இல்லாத கிருமிக்கும் கேக்கிற அசித்ரோமைசின் தொடங்கினார்.

கண் டொக்டரையும் அண்டைக்கே கூப்பிட்டுக் காட்டினாங்க. அதுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது. புண்பட்ட இமை உள்பக்கம் கண்ணோட ஒட்டிப்போனா தழும்பு விழுந்து பார்வையே பாதிக்குமாம். வார்ட்டில ஒரு நேர்ஸ் மிஸ் சேலைனில நனைச்ச துணியால பீளையை மெல்ல மெல்லக் கரைச்சு எடுத்துத் துளி மருந்து விடுவா, அவன் கத்தினா நிப்பாட்டி "தம்பி, ஒண்டு ரெண்டு மூண்டு எண்ணுங்கோ" எண்டுவா, இரவிலயும் வந்து செய்தவ. இவ்வளவுக்கும் ஒரு சதம் வாங்கேல்ல.

ஆறாம் நாள் செவ்விளநீர் ஸ்ட்ரோவால அரைக் கிளாஸ் இறங்கிச்சு. அக்கா அழுதிட்டா.

அடுத்த நாள் நான் பார்மசியில ஒரு கொப்பி வாங்கி மூண்டு மருந்திட பேரையும், குடிச்ச திகதியையும், இருமல் தொடங்கின திகதியையும் எழுதி அக்காட்டக் குடுத்தன். சிலபேருக்கு இது திரும்பவும் வருமாம், அப்ப காட்டோணும். அக்கா இப்ப எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் பையில பேர் எழுதித் தராம வெளிய வாறேல்ல.