மாரிக்கு 8, கோடைக்கு 10: பழைய ஹைலக்ஸோடு 11 வருடம்

களுவாஞ்சிகுடியில் எங்கள் வேலியோரம் நிற்கும் டபுள் கெப் (நான்கு கதவுப் பிக்கப்), 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ். 3எல் என்ற 2.8 லீட்டர் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, முன்னும் பின்னும் பிளேட் ஸ்பிரிங். 2014இல் வாங்கினேன். வயல் வெல்லாவெளிப் பக்கம். பட்டிருப்புப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம் தார், பிறகு கிரவல், கடைசியில் வாய்க்கால் கட்டு. மாரியில் அந்தக் கடைசித் துண்டுக்காகத்தான் நான்கு சில்லு இழுக்கும் வாகனம் வைத்திருக்கிறேன்.

பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதைத்தான். கல்முனை வீதியில் அடக்கமாக ஓட்டினால் 10 கிலோமீட்டர், மாரியில், பெரும்போகத்தில், சேறும் உர மூடையுமாக 8. ஆனால் நான் கணக்குப் பார்க்கத் தொடங்கியபோது கிடைத்தது 7.3.

2021 கடைசியில் டீசல் லீட்டர் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460. அதுவரைக்கும் எண்ணெய் ஷெட்டுக்குப் போனால் "ரெண்டாயிரத்துக்கு அடிங்க" என்பதோடு சரி. எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து தந்தபோது ஒரு கொப்பி வாங்கினேன். கிடைக்கிற பங்கைச் சேர்த்து, ஒரே ஷெட்டில், ஒரே பம்பில், டாங்கி வாய் வரைக்கும் நிரப்பி, ஓடிய தூரத்தை எழுதி, மறுபடி வாய் வரைக்கும் நிரப்பிப் பார்ப்பது. டாஷ்போர்ட் முள்ளை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

7.3 என்றதும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்பைப் பழுதுபார் என்றார் ஒருவர், எஞ்சினை இறக்கு என்றார் இன்னொருவர். காசு புரட்டுவதற்கு முன் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மனிதர் பொனட்டைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு சில்லாக ஜக் அடித்துத் தூக்கிக் கையால் சுற்றினார். பின் இடது சில்லு அரைச் சுற்றோடு நின்றுவிட்டது. டிரம்மைக் கழற்றினால் உள்ளே காய்ந்த வயல் சேறு, அட்ஜஸ்டர் இறுகிப்போயிருந்தது. அதாவது மாதக் கணக்கில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறேன். அப்புறம் முன் சில்லைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு மனே ஹப்ப லொக்கிலேயே வச்சிருக்காய்?" என்றார். முன் சில்லை அச்சோடு பிணைக்கும் பூட்டு அது. வயலில் பூட்டிய ஹப்பைத் தார் ரோட்டுக்கு வந்தபின் இறங்கித் திறக்கச் சோம்பல், வேறொன்றும் இல்லை. சேற்றுக்காகக் குறைத்த டயர்க் காற்றையும் திரும்ப நிரப்பவில்லை, 22 பிஎஸ்ஐதான் இருந்தது.

ஹப் பூட்டியிருப்பதால் மட்டும் பெரிதாக டீசல் போகாது. முன் அச்சும் ஷாஃப்டும் வீணாகச் சுற்றும், அவ்வளவுதான். காற்றும் பிரேக்கும்தான் குடித்திருக்கின்றன. இவை சரியானதும் அடுத்த இரண்டு நிரப்பில் 9 தாண்டியது. செலவு, பிரேக் லைனிங்கும் அவருடைய கூலியும். எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கும் நொசில்களைக் கழற்றிச் சோதித்து மாற்றியது அதற்குப் பிறகுதான். அதில் கூடியது அரைக் கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் கறுப்புப் புகை நின்றது, வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது வயிறு கலங்குவதும் நின்றது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எனக்கு முன் வைத்திருந்தவர் கம்பனி 205ஆர்16 டயரை எடுத்துவிட்டு 31 அங்குல அகல டயர் போட்டிருந்தார். பார்க்க எடுப்புத்தான். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் உருளும், மீட்டருக்கு அது தெரியாது. வீதியோரக் கிலோமீட்டர்க் கற்களை வைத்துப் பார்த்தேன். மீட்டர் 100 காட்டும்போது வண்டி ஓடியது 106, 107. ஆக என்னுடைய 7.3 உண்மையில் 7.8க்குப் பக்கம். அந்த டயர்கள் தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பினேன். எங்கள் வயல் சேற்றில் ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும், அகல டயர் மேலே நின்று வழுக்கும். கடற்கரை மணலில் கதை தலைகீழ்.

பராமரிப்பில் என்னை அதிகம் அழவைத்தது தண்ணீர். ஓடிச் சூடேறிய அச்சு வாய்க்காலில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஒரு மார்கழியில் பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியில், அதாவது டிஃபரன்ஷியலில், ஒயிலைத் திறந்தபோது பால் தேத்தண்ணி நிறத்தில் ஊற்றியது. அச்சின் மேலிருக்கும் மூச்சு விடும் வால்வில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி உயரத்தில் கட்டிவிட்டேன். சில நூறு ரூபாய் வேலை. அதற்குப் பிறகு ஒயில் நிறம் மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு போகம் முடியவும் நட்டைத் திறந்து பார்க்கிறேன்.

வெள்ளாமை வெட்டும் காலத்துப் பகை வேறு. வெட்டு மெசின் பறக்கவிடும் பதரும் தூசியும் ரேடியேட்டர் கண்களில் அடைத்துவிடும். வெப்பமுள் ஏறுவதைக் கவனிக்காவிட்டால் இந்த எஞ்சின்களின் ஹெட்டில் வெடிப்பு விழும், பிறகு டீசல் மிச்சம் பிடித்த கணக்கெல்லாம் தண்ணீரில் எழுதியதுதான். எயார் பில்டரை அந்த நாட்களில் வாரம் ஒருமுறை தட்டுகிறேன். எஞ்சின் ஒயில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டைமிங் பெல்ட்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது கணக்கு. பழைய வண்டியின் மீட்டர் எத்தனை பேர் கைபட்டதோ, வாங்கிய வாரமே பெல்ட்டை மாற்றிவிட்டேன். அம்பாறையில் இருக்கும் மச்சானின் பஜிரோவில், 4டி56 எஞ்சின், பெல்ட் இரண்டு. சின்ன பெலன்ஸ் பெல்ட் அறுந்து பெரியதையும் கெடுத்துவிட்டது. அந்த வண்டி வாங்குபவர்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கறள் பற்றி: வாவியோரக் காற்றுக்கே சேசிஸ் அரிக்கும். இறால், மீன் பெட்டி ஏற்றிய வண்டியென்றால் வாங்கவே வேண்டாம். பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். கழிவு ஒயில் பூசுவது இங்கே வழக்கம், நானும் பூசினேன். ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போய்விட்டது. இப்போது நல்ல தண்ணீரால் அடியைக் கழுவிக் காயவிட்டு, புஷ் படாமல் கிரீஸ் தடவுகிறேன்.

முன் அச்சில் சில்லு திரும்பும் மூட்டை மூடும் இடப்பக்க நக்கிள் சீல் கசியத் தொடங்கியிருக்கிறது. மட்டக்களப்பு பாட்ஸ் கடையில் ஒரு பக்கத்துக்குத்தான் கிடைத்தது. மற்றதைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறேன், ஐப்பசி மழைக்கு முன் பஸ்ஸில் போட்டுவிடுவார்களாம்.