படிக்கிறவர்களுக்குத் தரும் பரிசுகள்: பல வருடம் புழங்கிய பிறகு

ஒருவர் ஓயாமல் படிக்கிறவர் என்று தெரிந்துவிட்டால் போதும், அவருக்குக் கிடைக்கும் பரிசெல்லாம் புத்தகம் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். எனக்கு அப்படி வந்தவை, நானே ஆசைப்பட்டு வாங்கியவை என்று நிறைய சேர்ந்து, பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. தாளைத் தொடாத பொருட்கள் நன்றாக உழைக்கின்றன, தாளைத் தொடுபவற்றைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

என் முதல் ஓட்டு புத்தகத்தில் மாட்டிக்கொள்ளும் கிளிப் விளக்குக்கு. பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது படிக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. வாங்கும்போது வெளிச்சத்தின் நிறத்தைப் பாருங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, தாள் பளீரென்று கண்ணில் அடிக்கும். 2700 முதல் 3000 வரை என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள், படுக்கையில் படிக்க அதுதான் சுகம். பின்னட்டையில் மாட்டிவிட்டால் பக்கம் திருப்பத் திருப்ப நகர்த்த வேண்டியதில்லை, ஆனால் மெல்லிய புத்தகமாக இருந்தால் விளக்கின் கனத்தில் அட்டை பின்னால் சாயும். என் விளக்கில் பேட்டரிக்கு முன்னால் போனது கிளிப்பின் உள்பக்க ரப்பர்தான். அது உரிந்ததும் பிளாஸ்டிக் பல் அட்டையில் தடம் பதிக்க ஆரம்பித்தது, இப்போது ஒரு துண்டுத் துணியை இடையில் வைத்து மாட்டுகிறேன்.

புக்மார்க்கில் உலோகம் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் மிருதுவான தாளில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்துவிடும். காந்த புக்மார்க் புத்தகம் கீழே விழுந்தாலும் நழுவாது, ஆனால் தடிமன் அதிகம். சாதாரண மெல்லிய அட்டையே போதும்.

ஒட்டுத்தாள் (போஸ்ட்-இட்) தனிக் கதை. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டுபிடித்த, லேசாக மட்டும் ஒட்டும் பசைக்கு, அங்கேயே வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை கண்ட உபயோகம் புக்மார்க்தான்: தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் வைத்த காகிதத் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்ததாம். படிக்கும்போது குறித்து வைக்க அருமையான பொருள். படித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும், வருடக்கணக்கில் விட்டால் பசை தாளிலேயே தங்கித் தூசி பிடிக்கும், பழைய தாளாக இருந்தால் உரிக்கும்போது எழுத்தும் கூடவே வரும்.

புத்தகத்துக்குப் போடும் பிவிசி பிளாஸ்டிக் உறை யாருக்கும் வாங்கித் தராதீர்கள். அதை நெகிழ வைக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து அட்டையின் அச்சோடு ஒட்டிக்கொள்ளும், என்னிடம் ஒரு புத்தகத்தின் தலைப்பெழுத்தே உறையோடு போய்விட்டது. பாலியஸ்டர் உறைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கட்டைவிரலில் மாட்டிப் பக்கத்தை விரித்துப் பிடிக்கும் வளையம் ஒற்றைக் கையால் படிக்க உதவும். அளவு தெரியாமல் பரிசாகத் தர முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம் பெரிய பரிசு, கிண்டில் போன்ற மின்நூல் கருவி. அதன் மின்மைத் திரை (இ-இங்க்) பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் எடுக்கும், விளக்கைக் குறைத்து வைத்தால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வரும். வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். வாங்குவதற்கு முன் அவர் எதைப் படிக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். கதை, கட்டுரை என்றால் 6 அங்குலம் தாராளம். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களின் பிடிஎஃப்தான் அதிகம் என்றால் அதில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும், பெரிதாக்கினால் வரிக்கு வரி திரையை நகர்த்த வேண்டும், அவருக்கு 10 அங்குலக் கருவிதான் சரி.