மீன் பொடிக்கு ஐசோடோப் சோதனை: கொடுத்த காசுக்குத் தகுமா?

காசிமேட்டில் ஆழ்கடல் இறாலுக்குப் போய்த் திரும்பும் விசைப்படகுகள் கழிசலென்று ஒதுக்கும் மீன்கள்தான் என் ஆராய்ச்சியின் முதலீடு. எது எதைத் தின்கிறது என்று வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாம்தான். ஆனால் ஆழத்திலிருந்து இழுத்து வரும்போது காற்றுப்பை உப்பி, பல மீன்களுக்கு இரைப்பையே வாய் வழியாகப் பிதுங்கிவிடுகிறது. மிஞ்சியதும் கடைசியாகத் தின்றதை மட்டுமே சொல்லும். சதையில் சேர்ந்திருக்கும் கார்பன்-13, நைட்ரஜன்-15 (அந்தத் தனிமங்களின் எடை கூடிய வடிவங்கள், அதாவது ஐசோடோப்புகள்) அளவுகள் பல வார, மாதச் சாப்பாட்டைச் சொல்லும். எங்கள் துறையில் அதற்கான கருவி இல்லை, அதனால் வெளியூர்த் தனியார் லேப் ஒன்றுக்கு அனுப்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காய வைத்து அரைத்த முதுகுச் சதைப் பொடியை அப்படியே அனுப்பினால் அவர்களே நிறுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். கட்டணம் தனி, ஆனாலும் கொடுத்துவிடுங்கள். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பொடியை டின் (வெள்ளீய) கேப்ஸ்யூலில் போட்டு, இடுக்கியால் மடித்து, ஓட்டை விழாமல் உருட்ட வேண்டும். ஐப்பசி மழையில் சென்னையில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: டப்பாவைத் திறந்ததுமே பொடி ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும், தராசில் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். நீல சிலிகா ஜெல் ரோஸ் ஆவதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

எண்களும் நம்பகமானவை. ஒரே மீனின் பொடியை இரண்டு வேறு பெயர்களில் ரகசியமாக அனுப்பிப் பார்த்தேன். நைட்ரஜன் மதிப்புகள் ஆயிரத்துக்கு 0.2-க்குள் ஒத்துப்போயின.

கோபம் அறிக்கையைப் பார்த்துத்தான் வந்தது. எக்செல் இல்லை, பிடிஎஃப். அதிலும் கார்பன்–நைட்ரஜன் விகிதம் என்ற பத்தியே இல்லை. அந்த விகிதம் 3.5-ஐத் தாண்டினால் சதையில் கொழுப்பு கூடுதல் என்று பொருள். கொழுப்பில் கார்பன்-13 குறைவு. கொழுப்பு மிகுந்த லாந்தர் மீனை (உடலில் ஒளி விடும் சின்ன ஆழ்கடல் மீன்) அந்த விகிதத்தை வைத்துத் திருத்தாமல் பார்த்தால், ஏதோ வேறு உணவுச் சங்கிலியில் இருக்கிற மாதிரித் தெரியும். போன் செய்தேன். "கேட்டா மட்டும்தான் மேடம் தருவோம்" என்றார்கள். கருவி எப்படியும் இரண்டையும் அளக்கிறதே, தட்டச்சு செய்ய என்ன கஷ்டம்? விடாமல் நச்சரித்த பிறகு மூலக்கோப்பு வந்தது. தர மாதிரிகளின் (கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க ஓட்டும், மதிப்பு முன்பே தெரிந்த மாதிரிகள்) அளவுகளும் அதில் இருந்தன. முதலிலேயே அனுப்பியிருக்கலாம்.

அப்புறம், ஆழ்கடல்காரர்களுக்கு மட்டும் ஒன்று. உணவுச் சங்கிலியில் ஒரு படி மேலே போனால் நைட்ரஜன்-15 சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 கூடும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் மேலிருந்து உதிரும் துகள்களைப் பாக்டீரியாக்கள் வழியெல்லாம் மென்றுகொண்டே இருப்பதால், ஆழத்தில் அடிமட்டத் துகளிலேயே அந்த அளவு ஏறிவிடுகிறது. எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக அடித்தரை மீனைப் பெரிய வேட்டைக்காரன் ஆக்கிவிடக் கூடாது. இதைப் பிரித்துப் பார்க்க அமினோ அமிலங்களைத் தனித்தனியே அளக்க வேண்டும்: ஃபினைல்அலனின் சங்கிலியின் அடித்தளத்து நைட்ரஜன் மதிப்பை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும், குளூட்டாமிக் அமிலம் படிக்குப் படி ஏறும். அந்தச் சேவையும் உண்டு என்று இவர்களின் விலைப்பட்டியலில் அச்சிட்டிருக்கிறது. கேட்டால் "இப்போதைக்கு எடுக்கறதில்ல" என்கிறார்கள். பட்டியலில் இருந்தாவது எடுத்துவிடலாமே.

மாதிரி எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்றும் அவர்கள் கேட்பதில்லை. ஃபார்மலினிலோ ஆல்கஹாலிலோ கிடந்த மீன் என்றால் கார்பன் மதிப்பு மாறியிருக்கலாம். உறைய வைத்ததை மட்டும் அனுப்புங்கள்.

5-க்கு 3.5 தருவேன். சாதாரணச் சதைச் சோதனைக்குத் தயங்காமல் அனுப்பலாம், ஆனால் ஆர்டர் மெயிலிலேயே "எக்செல், விகிதம், தர மாதிரி அளவுகள்" என்று எழுதிவிடுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் ஒழுங்காக இருந்தது. எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பாஸ் செய்த முதல் பில் இதுதான்.